கல்முனைக் கரையில் ஆங்கிலக் காலங்கள்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தெற்கே பொத்துவில், உள்ளே சம்மாந்துறை என்று அம்பாறைக் கரையோரத்தில் தொடரும் முஸ்லிம் ஊர்களில், ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளை பாடமாக்கும் முதற்பெரும் பகுதி டென்ஸ். வினைச்சொல்லின் காலங்களைப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்த அட்டவணை கொப்பியின் நடுப்பக்கத்தில் எழுதப்படும். அதற்குக் கீழே மூன்று நிரல்களில் வினைகள் வரும்: கோ, வென்ட், கோன், ஈட், ஏட், ஈட்டன், சீ, சோ, சீன். வகுப்பு முழுவதும் அதை ஒரே குரலில் ஓதும். இந்தப் பாடம் இந்தக் கரைக்கு எப்படி வந்தது, ஆங்கிலக் கல்வி பலமுறை உருமாறிய பின்னும் எப்படி நிலைத்தது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு.

ஆங்கிலம் வருவதற்கு முன்பே இந்த ஊர்களில் இரண்டு இலக்கணங்கள் வழங்கின. ஒன்று தமிழ் இலக்கணம். தொல்காப்பியம் முதல் நன்னூல் வரை அது இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று மூன்று காலங்களைச் சொல்லும். மற்றது குர்ஆன் பள்ளிக்கூடத்தையும் மத்ரசாவையும் சார்ந்த அறபு இலக்கணம். ஸர்ஃப் என்னும் சொல்லிலக்கணப் பாடத்தில் வினை மாழி, முழாரிஃ என்று இரண்டாகப் பிரியும். முடிந்த செயலுக்கு மாழி. நடக்கிற செயலுக்கும் நடக்கப்போகும் செயலுக்கும் முழாரிஃ. ஒவ்வொன்றிலும் ஆண்பால், பெண்பால், ஒருமை, இருமை, பன்மை, தன்மை, முன்னிலை, படர்க்கை என்று வரும் 14 ஸீகாக்களை, அதாவது வினை வடிவங்களை, மாணவர் வரிசை பிசகாமல் ஒப்புவிப்பர். ஆகவே வினைச்சொல்லை அட்டவணையாக மனனம் செய்வது இந்த ஊர்களுக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுமையல்ல. பின்னால் வந்த ஆங்கில அட்டவணை இங்கே இவ்வளவு எளிதாக வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆங்கிலப் பாடத்தைக் கிழக்குக்குக் கொண்டுவந்தவர்கள் வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிகள். 1814இல் இலங்கையில் வந்திறங்கிய முதல் குழுவில் ஒருவரான வில்லியம் ஓல்ட் அதே ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே அவர் இறந்துபோனாலும், அந்தப் பள்ளி மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். அதுவரை கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி. எனவே ஆங்கிலக் கல்வியும் மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கியே நகர்ந்தது. கல்முனையில் மெதடிஸ்தர் நிறுவி, இன்று வெஸ்லி உயர்தரப் பாடசாலை எனப்படும் கல்விக்கூடம் 1883இல் தொடங்கியது.

மிஷன் பள்ளிகளின் முதற்காலத்தில் ஆங்கில உலகெங்கும் கோலோச்சிய இலக்கண நூல் லின்ட்லி மரே 1795இல் வெளியிட்டது. மரேயின் கணக்கில் ஆங்கிலத்துக்கு ஆறு காலங்கள். லத்தீன் இலக்கணத்தில் ஆறு இருந்ததால் ஆங்கிலத்துக்கும் ஆறு என்று கொள்ளப்பட்டது. வினையின் வடிவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் இருப்பவை நிகழ்வு, இறப்பு என்ற இரண்டு காலங்கள்தான். எதிர்காலத்தை வில், ஷேல் போன்ற துணைச்சொற்களால் காட்டுகிறார்கள். ஆனால் ஆறு என்ற எண் ஒரு காலத்தில் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்தது.

1869இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் ஏற்பட்ட பின், உதவி பெறும் பள்ளிகளுக்கான நன்கொடை பெறுபேற்றைப் பொறுத்தே வழங்கப்பட்டது. பரிசோதகர் வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்ன பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பள்ளிக்குப் பணம் வரும். இத்தகைய ஏற்பாட்டில் ஆசிரியர் எதை முதலில் கற்பிப்பார் என்பதை ஊகிப்பது எளிது. ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் ஓர் எண்ணத்தைத் தானாகச் சொல்கிறதா என்று சோதிக்க நேரம் வேண்டும். ஒரு வினையின் காலங்களை ஒப்புவிக்கிறதா என்பதை ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். காலப் பாடம் ஒப்புவிக்கும் பாடமாக இறுகியதில் இந்தப் பண ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு.

முஸ்லிம் பிள்ளைகள் இந்தப் பள்ளிகளுக்குப் பெருமளவில் போகவில்லை. பைபிள் பாடமும் ஜெபமும் பள்ளி நாளின் பகுதியாக இருந்ததால், ஆங்கிலம் படிக்கப் போகும் பிள்ளை மார்க்கத்தை இழக்கும் என்று பெற்றோர் அஞ்சினர். கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கி, முஸ்லிம்கள் தம் மார்க்கச் சூழலிலேயே ஆங்கிலமும் படிக்க வேண்டும் என்று வாதாடினார். கொழும்பில் அந்த எண்ணம் பள்ளிக்கூடமாக உருப்பெற்று, 1892இல் ஸாஹிராக் கல்லூரியின் தொடக்கமானது. கல்முனைக் கரை அதற்காக இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே காலத்தில் கல்முனைக்கும் நிந்தவூருக்கும் இடையிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலம் கற்று, கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறி, பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அவரே சுவாமி விபுலாநந்தர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவர்தான். ஆங்கிலம் ஆழமாகக் கற்றவர் தமிழை விட்டு விலகியாக வேண்டும் என்ற எண்ணத்துக்கு, இந்தக் கரையிலிருந்தே எழுந்த மறுப்பு அவருடைய வாழ்க்கை.

விபுலாநந்தர் படித்த தலைமுறைக்குள்தான் ஆறு பன்னிரண்டானது. வட இந்தியாவில் கல்வி இயக்குநராக இருந்த ஜே. ஸி. நெஸ்ஃபீல்ட், இந்திய மாணவருக்காக எழுதிய இலக்கண நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்து ஆசியாவின் பிரித்தானிய நாடுகள் எங்கும் பரவின. அவர் நிகழ்வு, இறப்பு, எதிர்வு என்ற மூன்றையும் குறுக்கே வைத்தார். சாதாரணம், தொடர்வு, நிறைவு, நிறைவுத் தொடர்வு என்ற நான்கை நெடுக்கே வைத்தார். மூன்று நான்குகள் பன்னிரண்டு. 1930களின் நடுவில் வந்த ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணமும் இதே பிரிவைப் பயிற்சிகளோடு விரித்தது. தன்மைக்கு ஷேல், மற்றவற்றுக்கு வில் என்ற விதியும் இந்த நூல்களின் வழியே வந்து தங்கியது. இங்கிலாந்தில் பேச்சு வழக்கு அந்த விதியைக் கைவிட்ட பின்னும் கீழைநாட்டு வகுப்பறைகளில் அது வெகுகாலம் வாழ்ந்தது.

அட்டவணையைக் குறை சொல்வது எளிது. அதன் நன்மையையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் காலமும் செயலின் நிலையும் தனித்தனியே இயங்குபவை என்பதை நெஸ்ஃபீல்டின் கட்டங்கள் ஒரே பக்கத்தில் காட்டின. குறுக்கே போனால் எப்போது நடந்தது என்பது தெரியும். நெடுக்கே போனால் முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா என்பது தெரியும். குறை எங்கே நேர்ந்தது என்றால், வடிவத்தைப் பாடமாக்கிய பிள்ளைக்கு அந்த வடிவம் எந்தச் சந்தர்ப்பத்தில் வேண்டும் என்று சொல்லித் தரப்படாமல் போனதில்தான்.

முஸ்லிம் ஊர்களின் கதை 1942இல் திரும்பியது. இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ், போர்க்கால உணவு உற்பத்தியைக் கவனிக்கும் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். நெல் விளைவிக்க வந்தவர், வயலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே வளர்ந்த கூர்மையான பிள்ளைகள் மேற்படிப்புக்கு வழியின்றி நிற்பதைக் கண்டார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். விபுலாநந்தரோடு அவருக்கு நெருங்கிய நட்பும் இருந்தது. கல்முனை அனுபவமே 1945இல் அவர் நிறுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு வித்தானது. 1949இல் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரின் முயற்சியால் கல்முனை ஸாஹிராக் கல்லூரி எழுந்தது. பெண்களுக்கான மஹ்மூத் மகளிர் கல்லூரி 1971இல் வந்தது. மார்க்கத்தை விடாமல் ஆங்கிலம் படிக்கும் பள்ளி என்ற பழைய கோரிக்கை இந்தக் கரையில் நிறைவேறியது இப்படித்தான்.

ஆனால் பள்ளி வந்த நேரத்தில் ஆங்கிலம் விலகத் தொடங்கியிருந்தது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி மூலம் கற்பித்தல் வந்தது. 1950களில் அது மேல்வகுப்புகளுக்கும் ஏறியது. 1956இன் அரசகரும மொழிச் சட்டம் ஆங்கிலத்தின் ஆட்சி நிலையை முடித்தது. முஸ்லிம்களும் பறங்கியரும் விரும்பினால் ஆங்கில மொழிமூலத்தில் தொடரலாம் என்ற சலுகை சில காலம் இருந்தது. தமிழே வீட்டுமொழியான கல்முனைக் கரை தமிழ்மூலத்தையே தேர்ந்தது. அது சரியான தேர்வு. தாய்மொழியில் விஞ்ஞானமும் கணிதமும் படித்ததால்தான் உழவர், மீனவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒரே தலைமுறையில் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆக முடிந்தது.

ஆங்கிலப் பாடத்துக்கு அதனால் நேர்ந்தது வேறு. முன்பு ஆங்கில மொழிமூலப் பிள்ளை சரித்திரப் புத்தகத்தில் இறந்தகாலத்தை நூற்றுக்கணக்கான வாக்கியங்களில் கண்டது. விஞ்ஞானப் பாடத்தில் சாதாரண நிகழ்காலத்தைக் கண்டது. ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்து "ஹேவ் யூ ஃபினிஷ்ட்?" என்று கேட்கையில் நிறைவு நிகழ்காலத்தைக் காதால் கேட்டது. இலக்கண அட்டவணை அந்த அனுபவத்தை ஒழுங்குபடுத்தியது. ஆங்கிலம் நாளுக்கு ஒரு பாடவேளையாகச் சுருங்கியபோது அனுபவம் போய்விட்டது. அட்டவணை மட்டும் மிஞ்சியது. வாக்கியங்களைக் கேட்காமலே வாக்கிய விதிகளைப் படிக்கும் நிலை அப்போது பிறந்தது.

அந்த இடைவெளியை நிரப்ப உலகெங்கும் முன்வைக்கப்பட்டது அமைப்புமுறைப் பாடத்திட்டம். ஹெரல்ட் பாமர், மைக்கல் வெஸ்ட், ஏ. எஸ். ஹோர்ன்பி ஆகியோரின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த இம்முறை, 1950களில் தென்னிந்தியாவிலும் பெரிய அளவில் பயிற்றப்பட்டது. இலக்கண விதியைச் சொல்லாதே, செயலைச் செய்து காட்டு என்பது அதன் கட்டளை. ஆசிரியர் கதவை நோக்கி நடந்தபடி "ஐ ஆம் வாக்கிங் டு த டோர்" என்பார். புத்தகத்தைத் திறந்தபடி "ஐ ஆம் ஓப்பனிங் த புக்" என்பார். பிள்ளைகள் எழுந்து அதையே செய்து சொல்வர். வகுப்பறையில் செய்து காட்ட வசதியாக இருந்ததாலேயே தொடர் நிகழ்காலம் முதற்பாடமாகியது. ஆனால் கதவை நோக்கி நடக்கிற எவரும் நடக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. பேச்சில் அதிகம் புழங்கும் சாதாரண நிகழ்காலம் பின்னுக்குப் போனது. "ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் எவ்ரிடே" என்று எழுதும் பழக்கம் தெற்காசியா எங்கும் உறுதிப்பட இதுவும் துணைசெய்தது.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குறை இருந்தது. பிள்ளையின் சொந்த மொழியை எதுவும் பயன்படுத்தவில்லை. இலக்கணமுறை தமிழை மொழிபெயர்ப்புக்கு மட்டும் அழைத்தது. அமைப்புமுறை தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்தியது. தமிழில் காலம் மூன்றுதானே, இந்தப் பன்னிரண்டையும் நம் பிள்ளைகள் எப்படிப் பிடிப்பார்கள் என்ற ஏக்கம் ஆசிரியர்களிடமும் இருந்தது. அந்த ஏக்கத்துக்கு இடமே இல்லை. தமிழில் காலம் மூன்று. ஆனால் செயலின் நிலையைக் காட்டும் துணைவினைகள் பல. கல்முனையில் தெருவில் நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளை "கண்டன்", "கண்டிருக்கன்", "கண்டுட்டன்" என்ற மூன்றையும் மயங்காமல் ஆளும்.

நிறைவு நிகழ்காலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் கற்கும் தமிழருக்கு ஆகக் கடினமானது என்று பெயர் பெற்றது இதுதான். நடந்து முடிந்த செயல் இப்போதைய நிலையைத் தொடுகிறது என்பது அதன் உட்பொருள். ரமழான் முடிவில் மஃரிபுக்குப் பின் ஊரில் எழும் கேள்வி "பிறை கண்டாச்சா?" என்பது. யார் கண்டார், எத்தனை மணிக்குக் கண்டார் என்பது அந்நேரம் கேட்பவரின் கவலை அல்ல. நாளை பெருநாளா என்பதே கவலை. ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு உரியது "ஹேஸ் பீன் சைட்டட்" என்ற நிறைவு நிகழ்காலம். மறுநாள், நேற்று மாலை இன்ன ஊரில் பிறை கண்டார்கள் என்று விவரம் சொல்லும்போது தமிழும் சாதாரண இறந்தகாலத்துக்கு மாறும், ஆங்கிலமும் மாறும். அறபிலும் இதற்கு இணை உண்டு. தொழுகைக்கு முன் சொல்லும் இகாமத்தில் மாழி வினைக்கு முன்னால் வரும் கத் என்ற இடைச்சொல், முடிந்த செயலை இப்போதைய நேரத்துக்கு நெருக்கமாக்குகிறது என்று ஸர்ஃப் படித்தவர் விளக்குவர். மூன்று மொழிகளும் சந்திக்கும் இந்த இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கியிருக்கலாம்.

மொழிகள் பிரியும் இடங்களும் இதே அளவு முக்கியமானவை. "ஹஜ்ஜுக்குப் போயிருக்கிறார்" என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள். அவர் இப்போது மக்காவில் இருக்கலாம். அல்லது முன்பு ஒருமுறை போய்வந்து ஊரில் இருக்கலாம். ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கும்: முன்னதற்கு "ஹேஸ் கோன்", பின்னதற்கு "ஹேஸ் பீன்". "நேற்று வந்திருக்கிறார்" என்று தமிழில் சொல்லலாம்; நேற்று என்ற சொல் வந்தால் ஆங்கிலத்தின் நிறைவு நிகழ்காலம் நிற்காது. "2005 முதல் இங்கே இருக்கிறேன்" என்று தமிழ் சாதாரண நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் நிறைவில் சொல்லும். "தினமும் ஐந்து மணிக்கு எழும்புவேன்" என்று வழக்கத்தைத் தமிழ் எதிர்கால வடிவில் சொல்கிறது. அதனால்தான் பிள்ளை "ஐ வில் கெட் அப் எவ்ரிடே" என்று எழுதுகிறது. அதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் வெட்டுவது நியாயமல்ல. பிள்ளை தன் மொழியின் விதியைத் தவறாமல் பின்பற்றியிருக்கிறது.

தமிழ் வினையின் இந்த நுட்பங்களை நவீன மொழியியல் நோக்கில் எழுதியவர்களில் ஒருவர் இந்த மண்ணைச் சேர்ந்தவரே. 1944இல் கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் கவிஞராகவும் விமர்சகராகவும் பெயர் பெற்றவர்; பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 1999இல் வந்த அவருடைய அடிப்படைத் தமிழ் இலக்கணம், இன்றைய தமிழின் துணைவினைகளை எளிய எடுத்துக்காட்டுகளோடு விளக்குகிறது. தமிழாசிரியருக்காக எழுதப்பட்ட நூல் அது. ஆங்கில ஆசிரியருக்கும் அதே அளவு பயன்படக்கூடியது.

1970களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கான பயணம் ஆங்கிலத்துக்குப் புதிய தேவையைக் கொண்டுவந்தது. பரீட்சைக்காக அல்லாமல் நேர்முகத் தேர்வுக்காக ஆங்கிலம் வேண்டியவர்கள் வந்தார்கள். ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புகள் ஊருக்கு ஊர் முளைத்தன. "இதற்குமுன் இந்த வேலை செய்திருக்கிறாயா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் வேலை, அதுவும் நிறைவு நிகழ்காலக் கேள்விதான். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை நாட்டிலேயே அதிக உயிர்களை இந்த மாவட்டத்தில் பறித்தது. கரையோரப் பள்ளிகள் பல இடிந்தன. அதற்குப் பின் வந்த தொண்டு நிறுவனங்களில் வேலை செய்ய ஆங்கில அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். இழப்புகளைக் கணக்கெடுத்து, எது முடிந்தது, எது நடந்துகொண்டிருக்கிறது, எது இன்னும் தொடங்கவில்லை என்று எழுதிய இளைஞர்களுக்குக் காலங்கள் அன்றாட வேலைக்கான கருவியாயின.

அரசின் பாடநூல்கள் 1980களிலிருந்து தொடர்பாடல் முறைக்கு மாறின. இலக்கணம் உரையாடல்களுக்கும் கதைகளுக்கும் உள்ளே வைக்கப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் விரும்பிய பள்ளிகளில் சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கும் இருமொழிக் கல்வி வந்தது. 2009 ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டாக அறிவிக்கப்பட்டது. இத்தனைக்குப் பின்னும் மாலை நேரத் தனியார் வகுப்பின் கரும்பலகையில் நெஸ்ஃபீல்டின் பன்னிரண்டு கட்டங்களைக் காணலாம். பாடநூல் காலத்தைக் கதைக்குள் மறைத்து வைக்கிறது. பரீட்சை வினையின் சரியான வடிவத்தைக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெற்றோர் அட்டவணையை நம்புகிறார்கள். உயர்தரத்துக்குப் போக ஆங்கிலத்தில் சித்தி கட்டாயமில்லை என்பதால், பாடசாலை நேரத்தில் ஆங்கிலப் பாடவேளை எளிதில் கைவிடப்படுவதும் உண்டு.

அமைச்சராக இருந்த எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று ஒலுவிலில் இயங்குகிறது. அங்கே அனுமதி பெறும் பிள்ளைகள் பதினொரு ஆண்டு ஆங்கிலம் படித்த பின்னும், முதலாம் ஆண்டில் காலங்களை மறுபடி தொடக்கத்திலிருந்து படிக்க நேர்கிறது. அட்டாளைச்சேனையின் ஆசிரியர் பயிற்சி நிலையங்களும் இந்தப் பல்கலைக்கழகமும் ஒரே கடற்கரையில், சில மைல் தொலைவில் இருக்கின்றன. தமிழ் வினையையும் ஆங்கில வினையையும் பக்கத்தில் வைத்து விளக்கும் ஒரு கைந்நூலை, இந்த ஊர்களின் பேச்சிலிருந்தே எடுத்துக்காட்டுகளைத் திரட்டி, அவ்விரண்டும் சேர்ந்து எழுதி ஆங்கில ஆசிரியர்களின் கையில் கொடுக்க வேண்டும்.